பாராசிட்டமால் எங்கே வேலை செய்கிறது, எங்கே கழிகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலக் காய்ச்சல்கள் குறித்துத் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். காய்ச்சல் வந்தவுடன் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கேட்டு வாங்க வேண்டாம் என்று அதில் வற்புறுத்தியிருந்ததை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் பாராசிட்டமாலைப் பற்றி அதில் இடம்பெற்றிருந்த இரண்டு கருத்துகளைத் திருத்தாமல் விடுவது சரியல்ல என்று கருதுகிறேன். அந்த மாத்திரை வலி உள்ள இடத்துக்குச் சென்று அங்குள்ள வீக்கத்தைக் குறைக்கிறது என்பது ஒன்று. பக்கவிளைவு இல்லாத மருந்து என்பதால் தேவைப்படும்போதெல்லாம் போட்டுக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. முதலாவது பிழையான விளக்கம். இரண்டாவது உயிருக்கே கேடு விளைவிக்கக்கூடிய அறிவுரை. அரசு மருத்துவமனை மருந்தகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், இம்மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்பதையும், உடல் இம்மருந்தை எப்படிக் கழிக்கிறது என்பதையும் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

உடலில் ஓரிடம் காயப்பட்டாலோ கிருமியால் தாக்கப்பட்டாலோ, அங்குள்ள செல்களின் சவ்விலிருந்து அராகிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் விடுபடுகிறது. காக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நொதி அதனைப் புராஸ்டகிளாண்டின்களாக மாற்றுகிறது. இந்தப் புராஸ்டகிளாண்டின்கள்தாம் அந்த இடத்தின் வலி நரம்புகளைக் கூர்மையாக்கி, மெல்லத் தொட்டாலே வலிக்கும்படி செய்கின்றன. இரத்தக் குழாய்களை விரித்து அவ்விடத்தைச் சிவக்கவும் வீங்கவும் வைக்கின்றன. ஆஸ்பிரின் இந்த உற்பத்தியைத் தடுத்தே வலியைக் குறைக்கிறது என்பதை 1971-இல் இங்கிலாந்தில் ஜான் வேன் நிறுவினார். 1982-இல் அவருக்கும் வேறு இரு அறிவியலாளர்களுக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவையும் இதே வழியில் செயல்படுபவைதாம். அதே நொதி வயிற்றின் உட்சுவரைக் காக்கும் புராஸ்டகிளாண்டின்களையும் உற்பத்தி செய்கிறது. அதனால்தான் இவற்றைத் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்கு வயிற்றுப்புண் வருகிறது.

பாராசிட்டமாலை இந்த வரிசையில் அப்படியே சேர்த்துவிட முடியாது. காக்ஸ் நொதியின் மேல் இரண்டு வினைக்களங்கள் உண்டு. ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் அராகிடோனிக் அமிலம் நுழையும் வழியையே அடைத்துக்கொள்கின்றன. பாராசிட்டமாலோ பெராக்சிடேஸ் எனப்படும் மற்றொரு களத்தில் எலக்ட்ரானைக் கொடுத்து, நொதியைச் செயலூக்கம் பெற்ற நிலையிலிருந்து மீண்டும் செயலற்ற நிலைக்குக் கொண்டுவருகிறது. சுற்றிலும் பெராக்சைடுகள் குறைவாக இருக்கும்போது மட்டுமே இது நன்றாக நடக்கும். வீங்கிச் சிவந்த முட்டியிலும் சீழ்பிடித்த காயத்திலும் பெராக்சைடுகள் ஏராளமாகச் சுரப்பதால், பாராசிட்டமால் செயலிழக்கச் செய்த நொதியை அவை உடனுக்குடன் மீண்டும் எழுப்பிவிடுகின்றன. மூளையிலும் தண்டுவடத்திலும் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே இம்மருந்து இரத்தத்தோடு கலந்து உடல் முழுவதும் சென்றாலும், அதன் வேலை பெரும்பாலும் மைய நரம்பு மண்டலத்தில்தான் நடக்கிறது. வீக்கத்தை இது வற்றச் செய்வதில்லை என்பதற்கும், வயிற்றை அவ்வளவாகப் புண்ணாக்குவதில்லை என்பதற்கும் காரணம் ஒன்றே.

இதோடு விளக்கம் முடிந்துவிடவில்லை. நாயின் மூளையில் காக்ஸ் நொதியின் மூன்றாவது வடிவம் ஒன்று இருப்பதாகவும், பாராசிட்டமாலின் இலக்கு அதுவே என்றும் 2002-இல் வெளியான ஆய்வு பெரும் நம்பிக்கையை ஊட்டியது. ஆனால் மனித உடலில் அதற்கு இணையாக வேலை செய்யும் நொதி இல்லை என்று பின்னர் தெரிந்தது. 2005-இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முற்றிலும் வேறொரு வழியைக் காட்டினார்கள். பாராசிட்டமாலில் ஒரு சிறு பகுதி கல்லீரலில் அசெட்டைல் தொகுதியை இழந்து அமினோபீனாலாகிறது. அது மூளைக்குள் சென்று அராகிடோனிக் அமிலத்துடன் இணைந்து ஏ.எம்.404 என்ற புதிய பொருளாக உருவெடுக்கிறது. மிளகாயின் காரத்தை உணரும் நரம்பு வாயிலான டி.ஆர்.பி.வி.1 மீது இப்பொருள் செயல்படுகிறது. உடலே சுரக்கும் வலியடக்கியான ஆனந்தமைடு விரைவில் அகற்றப்பட்டுவிடாமல் பார்த்துக்கொள்கிறது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி, மேலே ஏறிவரும் வலிச் செய்தியை அடக்கும் செரோட்டோனின் நரம்புப் பாதைகளும் இதில் பங்கு வகிக்கின்றன. இவற்றில் எது எவ்வளவு பங்கு என்ற விவாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. உலகமெங்கும் கோடிக்கணக்கான மக்கள் அன்றாடம் விழுங்கும் ஒரு மாத்திரையின் செயல்முறை இத்தனை காலம் ஆய்வாளர்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருப்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

காய்ச்சலைப் பொறுத்தவரை கதை தெளிவானது. கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அனுப்பும் செய்தியால் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் புராஸ்டகிளாண்டின் ஈ2 பெருகுகிறது. உடல் தன் வெப்ப அளவை 98.6-இலிருந்து 102-க்கு உயர்த்திக்கொள்ள முடிவு செய்துவிடுகிறது. குளிரும் நடுக்கமும் அந்த உயரத்தை எட்டுவதற்கான முயற்சிகள். பாராசிட்டமால் அந்தப் புராஸ்டகிளாண்டினைக் குறைத்ததும் இலக்கு இறங்குகிறது, வியர்க்கிறது, உடம்பு தணிகிறது. நோயை உண்டாக்கிய வைரஸுக்கோ பாக்டீரியாவுக்கோ இதனால் எந்தக் கேடும் வருவதில்லை. இம்மருந்து வெப்பத்தை இரண்டு, மூன்று ஃபாரன்ஹீட் டிகிரி இறக்கும், அவ்வளவே. 103 இருந்தது 101 ஆகிவிட்டால் மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்; 98.6-க்கு வரவில்லையே என்று ஒரு மணி நேரத்தில் அடுத்த மாத்திரையைக் கொடுப்பது தவறு. குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் உச்ச அளவை எட்டுவதற்கே அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்; வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போட்டால் இன்னும் தாமதமாகும்.

இனி, கல்லீரல். என் கடிதத்தின் நோக்கமே இதுதான்.

இரத்தத்தில் கலந்த பாராசிட்டமாலில் பாதி, இரண்டு அல்லது மூன்று மணி நேரத்தில் கழிந்துவிடுகிறது. கல்லீரல் அதன் பெரும்பகுதியைக் குளுகுரோனிக் அமிலத்துடனோ சல்பேட்டுடனோ பிணைத்து, தீங்கற்ற பொருளாக்கிச் சிறுநீருக்கு அனுப்புகிறது. எஞ்சிய ஒரு சிறு பங்கு, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ, சி.ஒய்.பி.2இ1 முதலிய நொதிகளால் என்.ஏ.பி.கியூ.ஐ. என்ற நச்சுப்பொருளாக மாற்றப்படுகிறது. இது அருகிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு அழிக்கும் இயல்புடையது. அப்படி நடக்காமல் தடுப்பது கல்லீரல் செல்களில் சேமிக்கப்பட்டிருக்கும் குளூட்டாதயோன். நச்சு உருவான கணமே குளூட்டாதயோன் அதனைப் பிடித்துக் கட்டி வெளியேற்றிவிடுகிறது. சரியான அளவில் மாத்திரை எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு எந்தத் தீங்கும் நேராமலிருப்பதற்கு இதுவே காரணம். பக்கவிளைவு இல்லாத மருந்து என்ற பெயர் வந்ததும் இதனால்தான்.

அளவு மீறும்போது சல்பேட் வழி முதலில் நிரம்பிவிடுகிறது, மருந்தின் கூடுதல் பங்கு நச்சு வழியில் திரும்புகிறது. குளூட்டாதயோன் இருப்பு என்பது மாடித் தொட்டித் தண்ணீர் போன்றது. மோட்டார் ஏற்றுகிற வேகத்தைவிடக் குழாய்கள் இறக்குகிற வேகம் கூடிவிட்டால் தொட்டி காலியாவதை யாராலும் தடுக்க முடியாது. அந்த இருப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய பிறகு, நச்சு மைட்டோகாண்டிரியாவின் புரதங்களைப் பற்றுகிறது. செல்கள் கூட்டங்கூட்டமாக இறக்கின்றன. பாராசிட்டமால் கல்லீரலை அழிக்கக்கூடும் என்ற முதல் மருத்துவ அறிக்கைகள் 1966-இல் எடின்பரோ நகரிலிருந்து வந்தன. அதன் வேதியியல் காரணத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் 1973-இல் விளக்கினார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், முதல் நாளில் ஒன்றும் தெரியாது. சிறிது குமட்டல், ஓரிரு வாந்தி, அதுவும் இல்லாமலும் போகலாம். காய்ச்சலில் வாந்தி வருவது வழக்கம்தானே என்று குடும்பத்தார் இருந்துவிடுவார்கள். இரண்டாவது, மூன்றாவது நாளில்தான் வலது விலாவுக்குக் கீழே வலியும், இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளின் உயர்வும் தலைகாட்டும். மூன்று, நான்கு நாள்களில் மஞ்சள் காமாலை, இரத்தம் உறையாமை, நினைவுத் தடுமாற்றம் என்று நிலைமை கைமீறிப் போகலாம். இதற்கு நல்ல மாற்று மருந்து இருக்கிறது. சளியைக் கரைக்கத் தரப்படும் என்-அசிட்டைல் சிஸ்டீன்தான் அது. குளூட்டாதயோனை மீண்டும் உருவாக்கத் தேவையான சிஸ்டீனைக் கல்லீரலுக்குக் கொடுக்கிறது. 1970-களில் எடின்பரோவிலேயே இதன் பயன் நிறுவப்பட்டது. எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஏறத்தாழ முழுப் பாதுகாப்பு கிடைக்கும். ஆகவே அளவு மீறிவிட்டதோ என்ற ஐயம் எழுந்தாலே போதும், அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதமாகிவிட்டாலும் போக வேண்டும்; அப்போதும் அந்த மருந்தால் பயன் உண்டு.

அளவு மீறுபவர்கள் யாரோ வேண்டுமென்றே மாத்திரைகளை விழுங்குபவர்கள் மட்டும்தான் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. உடல்நலமுள்ள, 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 கிராம், அதாவது 4,000 மில்லிகிராம் என்பதே உச்ச வரம்பு. காய்ச்சலுக்காக 650 மில்லிகிராம் மாத்திரையை ஒருவர் நான்கு வேளை போடுகிறார், 2,600 ஆயிற்று. மூக்கடைப்புக்கு என்று மருந்துக்கடையில் வாங்கிய சளி மாத்திரையில் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் கலந்திருக்கிறது; அதை மூன்று வேளை போட்டதில் 1,500 சேர்கிறது. உடம்பு வலிக்கு வேறொருவர் தந்த மாத்திரையில் அசிக்ளோஃபினாக்குடன் 325 மில்லிகிராம் பாராசிட்டமால். இரு வேளைக்கு 650. மொத்தம் 4,750. மூன்று வெவ்வேறு நோய்க்குறிக்கு மூன்று வெவ்வேறு மாத்திரை சாப்பிட்டதாகவே அவர் நம்பிக்கொண்டிருப்பார். அவருடைய கல்லீரலோ ஒரே மருந்தை மூன்று பெயர்களில் வாங்கிக்கொண்டிருக்கும். டோலோ, குரோசின், கால்பால் மூன்றும் ஒரே மருந்து என்பதை அறியாதவர்கள் படித்தவர்களிடையேயும் மிகப்பலர்.

இதைவிட எனக்குக் கவலை தருவது நம் ஊர் மருந்துக்கடைகளில் ‘செட்’ மாத்திரை என்று கேட்டு வாங்கும் பழக்கம். காய்ச்சல், உடம்பு வலி, சளி என்று சொன்னதும், அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து, நாலைந்து நிறங்களில் மாத்திரைகளைக் காகித உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வேலைக்குப் போயாக வேண்டிய கூலித் தொழிலாளியை இதற்காக நான் குறைகூற மாட்டேன். அவருக்கு மருத்துவரிடம் போக நேரமும் இல்லை, கையில் காசும் இல்லை. ஆனால் அந்த உறைக்குள் பாராசிட்டமால் எத்தனை மாத்திரையில், எந்த அளவில் இருக்கிறது என்பதை அவரும் அறிய வழியில்லை. மறுநாள் மயங்கிய நிலையில் அவர் கொண்டுவரப்பட்டால் மருத்துவரும் அறிய வழியில்லை.

4 கிராம் என்ற வரம்பும் எல்லோருக்கும் பொருந்துவதன்று. எடை குறைந்தவர்களுக்கு ஒரு வேளை அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் அமைய வேண்டும். அதன்படி 40 கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு 600 மில்லிகிராமே போதும். இரண்டு 500 மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பது தவறு. நாள்தோறும் மது அருந்துபவர்களின் கல்லீரலில் நச்சை உருவாக்கும் நொதி கூடுதலாகவும் குளூட்டாதயோன் குறைவாகவும் இருக்கும். பல நாள் பட்டினி கிடப்பவர்களுக்கும் அந்த இருப்பு சரிகிறது. ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று சொல்லிக் காய்ச்சல்காரரை நாள்கணக்கில் பட்டினி போடும் வீடுகள் இன்றும் உண்டு. வயிற்றுக்குக் கஞ்சியும் இல்லாமல், மணிக்கணக்குப் பார்க்காமல் மாத்திரையும் கொடுத்தால் கல்லீரலை இருபுறமும் நெருக்குவதாகும். நோயாளிக்குப் பசி இல்லாவிட்டாலும் நீர்த்த கஞ்சி, இளநீர், மோர் என ஏதாவது உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும்.

டெங்குவை இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காய்ச்சல் என்றால் அது டெங்குவாகவும் இருக்கலாம் என்ற எச்சரிக்கை நமக்கு எப்போதும் தேவை. அந்நோயில் இரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன. ஆஸ்பிரின் தட்டணுக்களின் காக்ஸ் நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. ஒரு தட்டணு வாழும் எட்டு, பத்து நாள்களுக்கும் அது மீளாது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவையும் இரத்தக் கசிவை அதிகப்படுத்தக்கூடியவை. பாராசிட்டமால் வழக்கமான அளவில் தட்டணுக்களை அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்பதாலேயே டெங்குவில் அதை மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் டெங்கு வைரஸ் தானாகவே கல்லீரலைத் தாக்கும் இயல்புடையது. ஏற்கெனவே அடிபட்டுக் கிடக்கும் கல்லீரலுக்கு, காய்ச்சல் இறங்கவில்லையே என்று மூன்று மணிக்கொரு மாத்திரையாகக் கொடுத்துச் சுமையேற்றுவது எவ்வளவு தீங்கானது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நீரேற்றமும் ஓய்வும் தட்டணுக் கண்காணிப்பும்தான் அங்கே சிகிச்சை; மாத்திரை உடம்பின் அனலைச் சற்றுத் தணிக்கும் துணை மட்டுமே.

நாள்பட்ட இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் இதைத் தினமும் போட்டுக்கொள்பவர்கள் அறிய வேண்டிய ஆய்வுகள் இரண்டு உள்ளன. 2014-இல் ஆஸ்திரேலியாவில் திடீர் இடுப்பு வலி கண்ட 1,600-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வில், பாராசிட்டமால் எடுத்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட விரைவாகக் குணமடையவில்லை. 2022-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தினமும் 4 கிராம் வீதம் இரு வாரம் எடுத்துக்கொண்டபோது மேல் அழுத்தம் ஏறத்தாழ 5 புள்ளிகள் உயர்ந்தது. எனவே மாதக்கணக்கில் எடுப்பவர்கள் அதைத் தங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் பிழை நேர இடமே கொடுக்கக் கூடாது. ஆனால் நேர்வதற்கான வாய்ப்பு இங்கேதான் மிகுதி. நம் கடைகளில் கிடைக்கும் பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் உள்ள வகையும் 250 மில்லிகிராம் உள்ள வகையும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் இருக்கிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் வரை போதும். 5 மில்லி கொடுக்கச் சொன்னார்கள் என்ற நினைவில், சிரப்புக்குப் பதிலாகச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றிவிட்டால், 500 மில்லிகிராம் ஒரே வேளையில் உள்ளே போய்விடும். நள்ளிரவில், அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பதற்றத்தில் இருக்கும் தாயிடம் இந்தக் கணக்கை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அமெரிக்காவில் இதே குழப்பம் நேர்ந்ததால், 2011-இல் அங்குள்ள தயாரிப்பாளர்கள் தாமாகவே முன்வந்து, குழந்தைகளுக்கான திரவ வடிவங்களை எல்லாம் 5 மில்லிலிட்டருக்கு 160 மில்லிகிராம் என்ற ஒரே செறிவுக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவர் சீட்டில் எழுதும் கூட்டு மாத்திரைகளில் 325 மில்லிகிராமுக்கு மேல் பாராசிட்டமால் இருக்க வேண்டாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்ததும் அதே ஆண்டில்தான். பிரிட்டன் 1998-லேயே ஒரு பெட்டியில் விற்கத்தக்க மாத்திரைகளின் எண்ணிக்கையை வரையறுத்துவிட்டது.

இம்மருந்தின் மேல் எனக்குப் பகை ஏதுமில்லை. 1886-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கான், ஹெப் என்ற இரு மருத்துவர்கள், தவறுதலாகக் கைக்கு வந்த அசெட்டனிலைடு என்ற வேதிப்பொருளைக் கொடுத்து நோயாளியின் காய்ச்சல் இறங்கக் கண்டார்கள்; ஆனால் அம்மருந்து சிலருடைய உடலை நீலம் பாரிக்கச் செய்தது. அதற்கு முன்பே, 1878-இல், தயாரிக்கப்பட்டிருந்த பாராசிட்டமால் பல பத்தாண்டுகள் புறக்கணிக்கப்பட்டுக் கிடந்தது. அசெட்டனிலைடு உடலுக்குள் பாராசிட்டமாலாக மாறியே வலியைப் போக்குகிறது என்று 1948-இல் அமெரிக்க ஆய்வாளர்களான பிராடியும் ஆக்செல்ராடும் காட்டிய பிறகே அது வெளிச்சத்துக்கு வந்தது. விலை மலிவு, வயிற்றுக்கு இதம், கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர் ஆலோசனையோடு தரத்தக்கது. ஏழை வீட்டின் முதல் மருந்தாக இது இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அந்த வீட்டுக்கு இதன் வரம்பும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பாராசிட்டமால் கலந்த ஒவ்வொரு அட்டையிலும் புட்டியிலும், வணிகப் பெயர் எதுவாயினும், ‘இதில் பாராசிட்டமால் உள்ளது’ என்ற தொடரும் அதன் அளவும் அந்தந்த மாநில மொழியில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இடம்பெற மத்திய அரசு விதி செய்ய வேண்டும். குழந்தைகளுக்கான சிரப்பும் சொட்டும் ஒரே செறிவுக்கு வர வேண்டும். அதுவரை ஒவ்வொரு புட்டியோடும் அளவு குறித்த பீச்சுக்குழலோ மூடியோ தவறாமல் தரப்பட வேண்டும். பெயரற்ற காகித உறையில் மாத்திரை தரும் பழக்கத்தை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வு செய்து நிறுத்த வேண்டும். குறைந்தபட்சம் உறையின் மேல் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தருவதைக் கடைகளில் உள்ள மருந்தாளுநர்கள் இன்றே தொடங்கலாம், அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் ‘தேவைப்படும்போதெல்லாம்’ என்று வெளியான வரிக்குத் திருத்தமும், ஒரு நாளைய உச்ச அளவும், இரு வேளைகளுக்கிடையே குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்ற குறிப்பும், மழைக்காலம் முடிவதற்குள் அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் வெளிவருமானால் மிகுந்த நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
மதுரை மாவட்டம்.